நரிக்குப் பன்னிரண்டா, இருபத்திரண்டா?

மீராசாகிபுவை, முஸ்லிம் சனம் அண்ணனை அழைக்கிற மாதிரி, ஊரே காக்கா என்று கூப்பிடும். அவருக்கு ஒரு குணம். எதையும் நாலு பேரிடம் கேட்டுத்தான் செய்வார். கேட்பதோடு நின்றால் பரவாயில்லை. நாலு பேர் சொன்னதையும் சேர்த்துச் செய்வார். பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். இவர் எல்லா மரத்திலும் ஒவ்வொரு கொத்துக் கொத்திவிட்டு வருகிற தச்சன். செட்டிகுளத்தில் அவர் கட்டிய வீட்டின் வாசல் கிழக்கையும் பார்க்காது, தெற்கையும் பார்க்காது, இரண்டுக்கும் நடுவில் கோணலாக நிற்கும். கிழக்கு என்று ஒருவரும் தெற்கு என்று ஒருவரும் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பக்கத்து வளவுக்காரன், கனகலிங்கம். கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவன். யாழ்ப்பாணத்தில் இருந்து என் தகப்பன் காலத்தில் இங்கே வயல் செய்ய வந்த குடும்பம். ஊர்ச் சனத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது எப்படியோ என் தலையில் விழுந்த வேலை. எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று என் மனைவி அருந்ததி சொல்லுவாள். சும்மா வருவதில்லை, இப்படிப்பட்ட ஆட்களால்தான் வருகிறது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் ஒரு காலையில் காக்கா என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"கிளாக்கர், ஒரு கடுதாசி எழுதவேணும்."

"என்னத்துக்கு?"

"ஒரு துவக்குக்கு."

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. சண்டை நின்று சமாதானம் வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ஊரில் எல்லாரும் துவக்கும் வெடிச்சத்தமும் இல்லாமல் போகட்டும் என்று நேர்த்தி வைக்கிற காலத்தில், ஐம்பத்தெட்டு வயதில் இவருக்குத் துவக்கு கேட்கிறது.

ஆனால் அவர் காரணத்தைச் சொன்ன பிறகு நான் எழுந்துபோய் வெள்ளைத் தாளைத் தேடி எடுத்தேன்.

காக்கா முல்லைத்தீவில் வீடும் தோணியும் ஆட்டுப்பட்டியுமாக வாழ்ந்த மனிதர். தொண்ணூறில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் வடக்கில் இருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் வெளியேற்றியபோது மனைவி கைருன்னிஸாவோடும் ஒரு சூட்கேசோடும் புத்தளம் போனார். பன்னிரண்டு வருடம் அகதி முகாமில் ஓலைக்கொட்டில். சமாதானத்தோடு திரும்பி வந்தும் முல்லைத்தீவுக்குப் போக மனம் வராமல், கைருன்னிஸாவின் தகப்பன் விட்ட காணியில் செட்டிகுளத்தில் குடியேறினார். என் இனத்தவர்கள் செய்த காரியம் அது. நான் செய்யவில்லைதான், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னவனும் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவர் ஒருநாளும் அதைப்பற்றி என்னிடம் கதைத்ததில்லை, அதனால் வெட்கம் இன்னும் கூடுகிறது.

புத்தளத்தில் ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வசதியான சனம் குர்பான் கொடுக்கும். ஆடு, மாடு அறுத்து ஏழைகளுக்குப் பங்கிடும். முகாம் சனம் பையோடு வரிசையில் நிற்கும். காக்கா அந்த வரிசையில் பன்னிரண்டு பெருநாள் நின்றிருக்கிறார். அதற்கு முதல் முல்லைத்தீவில் வருடம் தவறாமல் கொடுத்தவர். வருகிற பெருநாளுக்குத் தன் கையால் ஒரு கிடாய் அறுத்துக் கொடுக்கவேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு. அதற்கென்றே ஒரு கறுத்தக் கிடாயைக் குட்டியில் வாங்கி வளர்த்தார். குர்பான் ஆட்டுக்கு இரண்டு வயது முடிந்திருக்கவேண்டும், குருடு நொண்டி கூடாது, காது குறைந்திருக்கக் கூடாது. ஒரு ஊனமும் இல்லாத பிராணியாக இருக்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் குளத்துக்குப் பின்னால் உள்ள பற்றைக்காட்டில் இருந்து நரிகள் இறங்கத் தொடங்கின. அடுத்த ஒழுங்கை விமலேஸ்வரியின் மறியாட்டுக்கு மடியைக் கடித்துவிட்டன. இன்னொரு வீட்டில் குட்டி இரண்டு போய்விட்டது.

"ஒரு கடி விழுந்தாக் காணும் கிளாக்கர், என்ர கிடாய் குர்பானுக்கு ஆகாது. பிறகு சாப்பாட்டு ஆடுதான்."

எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு விண்ணப்பம். பன்றி வயலை அழிக்கிறது என்று எழுதினால் சுலபமாகக் கிடைக்கும். காக்கா மாட்டேன் என்றார்.

"நரி எண்டு எழுதுங்கோ. பொய் சொல்லி வாங்கின துவக்கால குர்பான் ஆட்டைக் காக்கேலாது."

"நரி பயிர் தின்னுமோ காக்கா?"

"வத்தகைப்பழம் தின்னும்."

"உங்களிட்ட வத்தகைத் தோட்டம் இருக்கோ?"

"இல்லை."

கடைசியில் "பன்றி, நரி முதலிய பிராணிகள்" என்று எழுதினேன். பன்றி ஊரில் இருக்கத்தான் செய்தது, பொய் இல்லை. அடுத்த கேள்வி: துவக்கின் வகை என்ன, துளை என்ன அளவு? அங்கேதான் பிடித்தது சனி. காக்கா பேனாவை வாங்கி மூடிவைத்தார்.

"பொறுங்கோ. கேட்டுக்கொண்டு வாறன்."

முதலில் கேட்டது அவுஸ்திரேலியாவில் இருக்கிற தங்கச்சி மகன் றிபாஸிடம். அவன் அங்கே ஒரு செம்மறிப் பண்ணையில் வேலை. நரி சுடுவதும் வேலையில் ஒரு பங்கு. கேட்கவேண்டிய ஆள்தான், ஆனால் கேட்கக் கூடாத ஆள். நாலு பக்கத்தில் கடிதம் வந்தது. "மாமா, ஐம்பது யார் தூரத்துக்குள் என்றால் இருபத்திரண்டு காணும். நூறு, நூற்றைம்பது யார் என்றால் இருநூற்றிருபத்துமூன்று. காற்று அடிக்கிற இடமென்றால் இருநூற்றுநாற்பத்துமூன்று. ஸ்கோப் மூன்றில் இருந்து ஒன்பது வரை கூட்டிக் குறைக்கிறது நல்லது." இப்படியே போனது.

நான் கிளாக்கர். எண்ணைக் கண்டால் விடமாட்டேன். இருபத்திரண்டு என்றால் அங்குலத்தில் நூறில் இருபத்திரண்டு பங்கு. இருநூற்றிருபத்துமூன்று என்றால் ஆயிரத்தில் இருநூற்றிருபத்துமூன்று. கழித்துப் பார்த்தால் வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று, ஒரு தலைமயிரின் தடிப்பு. ஒரு மயிர்த் தடிப்புக் கூடினதால் ஐம்பது யார் போகிற குண்டு எப்படி நூற்றைம்பது யார் போகும்? இரண்டு நாள் நித்திரை இல்லை. அருந்ததி, "உங்களுக்கு என்ன, நீங்களோ சுடப்போறியள்?" என்று திட்டினாள்.

காக்காவுக்கு வேறு குழப்பம். "ஸ்கோப் எண்டா என்ன கிளாக்கர்?"

"துவக்குக்கு மேலை பூட்டிற தூரக்கண்ணாடி. அதுக்குள்ளால பாத்தா நரி ஒன்பது மடங்கு கிட்ட வந்த மாதிரித் தெரியும்."

காக்கா கடிதத்தைக் கீழே வைத்தார். "நரி தூரப் போகட்டும் எண்டுதானே சுடுறம். பிறகேன் அதைக் கிட்டக் கொண்டுவருவான்?"



இரண்டாவதாக முன்னாள் வேட்டைக்காரன் கணபதியிடம் போனோம். மயிர்த் தடிப்புக் கணக்கை அவர்தான் தீர்த்துவைத்தார். "குண்டின்ர அகலம் ரெண்டிலயும் ஒண்டுதான் கிளாக்கர். பின்னால கிடக்கிற தோட்டா பெரிசு, மருந்து கூட." எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "அதெல்லாம் றைபிள். எங்களுக்குப் பன்னிரண்டு போர்தான் சரி, சன்னம் போடுற அகலக் குழாய்த் துவக்கு."

"பன்னிரண்டிலயும் பெரிசு பதினாறெல்லோ?" என்றார் காக்கா.

"பதினாறு சின்னன். ஒரு றாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாப் பிடிச்சா ஒரு உருண்டை போற குழாய் பன்னிரண்டு. பதினாறாப் பிடிச்சா உருண்டை சின்னன், குழாயும் சின்னன்."

"அப்ப இருபத்திரண்டு அதிலயும் சின்னன்."

"அது வேற கணக்கு!" என்று கணபதி தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழி முழுவதும் காக்கா விரலை மடக்கி மடக்கி எதையோ முணுமுணுத்தார். நான் விண்ணப்பத்தில் எதை எழுத என்று கேட்டால், "ரெண்டையும் எழுதுங்கோ, அவையள் பாத்துத் தரட்டும்" என்றார். துணிக்கடையில் சேலை கேட்கிற மாதிரி.

எழுதவேண்டி வரவில்லை. விண்ணப்பத்தோடு போன அரசாங்கக் கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் றைபிள் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "காக்கா, பயிர் செய்யிற கமக்காரனுக்குப் பன்னிரண்டு போர் ஒற்றைக்குழாய் மட்டும்தான். ஸ்கோப், றைபிள் எண்டு வெளியில நிண்டு கதைச்சியள் எண்டா உங்களோட இந்தக் கிளாக்கரையும் சேத்துத்தான் கொண்டுபோவாங்கள்." மூன்று மாதமாக மூளையைக் குழப்பிய கேள்விக்குத் தெரிவே இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

தை மாதம் அனுமதி கிடைத்தது. கணபதி தன் பழைய ஒற்றைக்குழாயை முறைப்படி அவருக்கு மாற்றிக் கொடுத்தார். பெருநாளுக்குப் பத்து நாள் இருந்தது. கிடாய்க்கு ஒரு கீறல் இல்லை. அத்தோடு முடிந்திருக்கவேண்டிய கதை.

தோட்டா வாங்கப் போகிறபோது ஒழுங்கையில் விமலேஸ்வரி மறித்தாள். அவளுக்கு எல்லைக் காணி வழக்கு ஒன்று எட்டு வருடமாக இழுபட்டது. நரிக்கொம்பு கையில் இருந்தால் வழக்கு வெல்லும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. நரியின் மண்டையில், மயிருக்குள் மறைந்து, சின்னதாக ஒரு கொம்பு இருக்குமாம். நான் கண்டதில்லை, கண்ட ஒருவரையும் கண்டதில்லை.

"காக்கா, உங்களைக் கும்பிட்டன், தலை சிதறாமச் சுடுங்கோ. எஸ்.ஜி. தோட்டா போட்டியள் எண்டா மண்டை மிஞ்சாது. சின்னச் சன்னமாப் பாத்துப் போடுங்கோ."

எஸ்.ஜி. என்றால் உள்ளே ஒன்பது பெரிய ஈயக்குண்டு, பன்றிக்குப் போடுவது. நாலாம் நம்பர் என்றால் நூற்றுக்கு மேலே சின்னச் சன்னம், குருவி கொக்குக்குப் போடுவது. போகப்போகச் சுளகு அகலத்துக்கு விரியும். கணபதி எஸ்.ஜி. என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். காக்கா நாலாம் நம்பரோடு வந்தார்.

"பாவம், பொம்பிளை கேட்டிட்டா. மறுக்க மனம் வரேல்ல."

அடுத்த நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் துவக்கைக் காட்டினார். குழாய்க்கு மேலே, சைக்கிள் ரியூப்பை வெட்டி வரிந்து கட்டி, ஒரு கறுத்தக் கண்ணாடிக் குழல். றிபாஸ் ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் பால்மா டின்னுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டிருக்கிறான்.

"உள்ளுக்குப் போக விருப்பமோ உமக்கு?" என்று கத்திவிட்டேன். வயதுக்கு மூத்தவரை 'உமக்கு' என்றது அப்போது உறைக்கவில்லை. "இது றைபிளுக்குப் பூட்டிறது! இதில பூட்டேலாது!"

"பெடியன் ஆசையா அனுப்பினவன். ஒருக்காப் பாவிச்சிட்டுக் கழட்டிறன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்பதில திருப்பி வச்சிருக்கிறன்."

"ஏன் ஒன்பது? நரி இருபத்தஞ்சு யாரிலதானே வருது. மூண்டு காணுமே."

"ஒன்பது இருக்கேக்க மூண்டை ஏன் பாவிப்பான்?"

உள்ளே இருந்து கைருன்னிஸா குரல் கொடுத்தா. "கிளாக்கர், இந்த மனிசனுக்கு நீங்களாவது சொல்லுங்கோ. பெருநாள் வரைக்கும் கிடாயைக் குசினிக்குள்ள கட்டினா முடிஞ்சுபோச்சு. நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேலை விழுந்து கடிக்காட்டிச் சரிதானே!"

அந்த வளவில் புத்தி உள்ள ஒரே ஆள் அவாதான். காக்காவும் கேட்டார், தலையை ஆட்டினார். அவா சொன்னதையும் கொஞ்சம் செய்தார்: கிடாயைக் குசினிக்குள் கட்டாமல், குசினிச் சுவரோடு ஒரு கம்புப் பட்டி அடைத்து விட்டார்.

பெருநாளுக்கு ஆறு நாள் இருக்க, சுபஹுத் தொழுகை முடிந்து, நிலம் வெளிக்கிற நேரம். ஒரே ஒரு வெடி.

ஊரில் நடந்ததை என்னவென்று சொல்ல? சமாதானம் முறிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான் கட்டிலுக்குக் கீழே. அருந்ததி என்னைவிடக் கெட்டிக்காரி, காணி உறுதியும் அடையாள அட்டையும் இருக்கிற பையோடு வாசலில் நின்றாள். கோவில் பக்கம் ஒரு குடும்பம் உழவு மெசினில் சாமான் ஏற்றத் தொடங்கிவிட்டது. பத்து நிமிடம் வேறு சத்தம் ஒன்றும் வராததால் அது காக்காவின் துவக்கு என்று எனக்கு விளங்கியது. எழும்பி ஓடினேன்.

காக்கா நிலத்தில் இருந்தார். வெடித்த வேகத்தில் கண்ணாடிக் குழல் பின்னால் வந்து புருவத்தில் இடித்து, முகமெல்லாம் இரத்தம். பட்டிக்குள் கிடாய் தலையை உதறிக்கொண்டு நின்றது. அதன் இடது காதிலும் இரத்தம். கைருன்னிஸா தலைச்சீலையோடு ஓடிவந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முதலில் கிடாயின் காதைப் பொத்தினா. நரியைக் காணவில்லை. அது எந்தக் காட்டில் நின்று சிரித்ததோ தெரியாது.

"கண்ணாடிக்குள்ள நரி மட்டும்தான் நிண்டது கிளாக்கர்," என்றார் காக்கா. "முழு நரி. மீசை மயிர் தெரிஞ்சுது. வேறை ஒண்டும் இல்லை, ஆண்டவனாணை ஒண்டும் இல்லை."

நரி பட்டியைச் சுற்றி வந்திருக்கிறது. மணத்தில் கிடாய் கம்புக்கு வெளியே தலையை நீட்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம். ஒன்பது மடங்கு கிட்ட வந்த வட்டத்துக்குள் நரி மட்டும். வட்டத்துக்கு வெளியே கிடாய். ஒற்றைக் குண்டுக்குச் செய்த கண்ணாடியால் பார்த்து, சுளகு அகலம் விரிகிற சன்னத்தால் சுட்டிருக்கிறார். றிபாஸ் சொன்னதும் சரி, கணபதி சொன்னதும் சரி. சேர்த்ததுதான் பிழை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யாரில் என்று தெரியவில்லை.

பொலிசார் வந்து அனுமதிப் பத்திரத்தைப் பார்த்தார்கள். அவர்கள் வருவதற்கிடையில் கைருன்னிஸா கண்ணாடிக் குழலை ரியூப்போடு பிடுங்கிக் கக்கூசுக் குழிக்குள் போட்டுவிட்டா. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பின்னேரம் பள்ளிவாசல் மௌலவி வந்து கிடாயைப் பார்த்தார். "காது கிழிஞ்சிருக்கா, துண்டு போயிட்டுதா?" என்று கேட்டார். நானும் காக்காவும் கைருன்னிஸாவும் மண்ணில் குந்தி இருந்து தேடினோம். துண்டு கிடைத்தது, ஒரு வெற்றிலை நுனி அளவு. காக்கா அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மௌலவி நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"குறைஞ்சு போச்சு காக்கா. குர்பானுக்கு வேற ஆடு பாருங்க."

வேறு ஆட்டுக்கு எங்கே போவது? ஊரில் வயது வந்த நல்ல கிடாய் எல்லாம் பெருநாளுக்கு எப்போதோ பேசி முடிந்திருந்தது. நான் வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அப்படியே விட்டேன். ஐந்து நாள் அவர் வேலியடிக்கு வரவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்று கைருன்னிஸா சொன்னா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெருநாள் திங்கட்கிழமை வந்தது. மத்தியானத்துக்குச் சற்று முன் படலை திறந்தது. காக்கா. வெள்ளைச் சாரம், புருவத்தில் பிளாஸ்டர், கையில் பெரிய வாளி, வாழையிலையால் மூடியிருந்தது.

"கிடாயை அறுத்திட்டன் கிளாக்கர். குர்பான் இல்லை, சும்மா தருமம். இண்டைக்குக் காலமை மௌலவியிட்டக் கேட்டுத்தான் செய்தனான்." வாளியை மற்றக் கைக்கு மாற்றினார். "எங்கட பள்ளி வழக்கத்தில குர்பான் இறைச்சி எங்கட ஆக்களுக்கு மட்டும்தான். இது குர்பான் இல்லாதபடியா உங்களுக்கும் தரலாம். கணபதிக்கும் விமலேஸ்வரிக்கும் குடுத்திட்டுத்தான் வாறன். ஒவ்வொரு வீட்டிலயும் சொல்லிப்போட்டன், இது குர்பான் இல்லை எண்டு. ஆரும் பிழையா நினைக்கக் கூடாது."

இவர் சந்தோசமாக வந்திருக்கிறாரா, மனம் உடைந்து வந்திருக்கிறாரா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் இன்னொரு சங்கடம். திங்கட்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் ஏறாது. அருந்ததி வருடக்கணக்காகப் பிடிக்கிற சோமவார விரதம். எப்படிச் சொல்வது என்று நான் சொல்லுத் தேடிக்கொண்டு நிற்க, அருந்ததி குசினியில் இருந்து சோறு வடிக்கிற பெரிய சட்டியோடு வந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தாங்கோ காக்கா."

அவர் இலையை எடுத்து, கையால் அள்ளி அள்ளிச் சட்டிக்குள் போட்டார். நல்ல இறைச்சி, எலும்பு குறைந்த பங்கு. அரைச் சட்டி நிரம்பியது. காணும் என்று சொல்ல வாயெடுத்தேன், அருந்ததி காலால் மிதித்தாள். முக்கால் சட்டி ஆனதும் காக்கா நிறுத்தி, நிமிர்ந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். பன்னிரண்டு வருடம் பையோடு நின்ற மனிதர். முல்லைத்தீவில் அவரைக் கலைத்தபோது வாய் திறக்காத நான், அவருக்கு முன்னால் சட்டியோடு நின்றேன்.

"காணுமோ?" என்று கேட்டார். "இன்னும் போடவோ?"

"போடுங்கோ," என்றேன்.